தாமதம் கட்டிய ஊர்: ருவயான் வில்லாக்கள் எப்படிப் பிறந்தன

வெள்ளைச் சுவர் வைத்த ஒரு வீடு. கீழ்த்தளம் உள்ளடங்கி இருக்க, மாடி முன்னால் நீண்டு நிற்கிறது. அதைத் தாங்கும் தூண்கள் நேராக இல்லாமல் வி எழுத்துபோல் விரிந்திருக்கின்றன. கூரையின் இரண்டு ஓரங்களும் மேலே தூக்கியிருக்க, நடுப்பகுதி பள்ளமாக இறங்குகிறது. வெளியே ஒரு மெல்லிய கான்கிரீட் படிக்கட்டு நேராக மாடிக்குப் போகிறது. பால்கனியின் பின்சுவரில் அடர்த்தியான சிவப்பு, பக்கச் சுவரில் ஓட்டை ஓட்டையாக சிமெண்ட் ஜாலி. படத்தை மட்டும் காட்டி எந்த ஊர் என்று கேட்டால், பிரேசில் என்று சொல்வதற்கே வாய்ப்பு அதிகம்.

இது பிரான்ஸ். ஜிரோந்த் கழிமுகம் அட்லாண்டிக் கடலில் சேரும் இடத்தில், வடகரையில் இருக்கும் ருவயான் என்ற சிறிய கடற்கரை ஊர். இப்படிப்பட்ட வீடுகள் அங்கே ஒன்றிரண்டு இல்லை, தெருத் தெருவாக இருக்கின்றன. பெரும்பாலும் 1950களில் கட்டியவை. கல் சுவரும் ஓட்டுக் கூரையும் வழக்கமாக இருந்த ஒரு மாகாண ஊர், போர் முடிந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எப்படி இந்த உருவத்துக்கு வந்தது? என் பார்வையில் இதற்கு முக்கியமான காரணம் தாமதம். பணம் வரத் தாமதமானது, வேலை தொடங்கத் தாமதமானது, அந்த இடைவெளியில் கட்டடக்கலைஞர்களின் கண் மாறிவிட்டது.

முதலில் பழைய ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1875இல் ரயில் வந்த பிறகுதான் ருவயான் பெரிய உல்லாசத் தலமாக வளர்ந்தது. 1871 முதல் 1905 வரை மேயராக இருந்த ஃபிரெதெரிக் கார்னியே காலத்தில் சாலைகள், கசினோ, கடலைப் பார்த்த வில்லாக்கள் எல்லாம் வந்தன. பிரெஞ்சுக் கடற்கரை ஊர்களில் வில்லா என்றால் மாளிகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தோட்டத்துக்கு நடுவே தனியாக நிற்கும், விடுமுறைக்கு வந்து தங்கும் வீடுதான் வில்லா. சிறியதும் உண்டு, கோபுரமும் மரச் செதுக்கலும் வைத்த பெரியதும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கும். நம் வீடுகளின் வாசலில் அம்மா பெயரையோ சாமி பெயரையோ எழுதி வைப்பதைப்போல அங்கே காற்று, பூ, அலை என்று பெயர் வைப்பார்கள்.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் பிக்காசோ பாரிஸை விட்டு இந்த ஊருக்கு வந்தார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை இங்கேதான் பெரும்பாலும் இருந்தார். கிளம்புவதற்குச் சில நாட்களுக்கு முன் ஜன்னலிலிருந்து தெரிந்த ஒரு காபிக் கடையை வரைந்தார். வெளிச்சமான வண்ணங்களில் தீட்டிய அந்தப் படம் இன்றும் பாரிஸில் இருக்கிறது. வரையப்பட்ட கடையும் அதைச் சுற்றியிருந்த ஊரும் ஐந்தாண்டுகளுக்குள் மண்ணோடு போயின.

அழிந்த விதம்

1944 கோடையில் பிரான்சின் பெரும்பகுதி விடுதலையானது. ஆனால் அட்லாண்டிக் கரையில் சில துறைமுகங்களை மட்டும் ஜெர்மானியப் படைகள் விடாமல் பிடித்துக்கொண்டன. ருவயான் அவற்றில் ஒன்று. ஊரே பெரிய துறைமுகம் என்று சொல்ல முடியாது. ஆனால் கழிமுகத்தின் வடபக்கம் ருவயானையும் தென்பக்க முனையையும் கையில் வைத்திருந்தால், உள்ளே இருக்கும் போர்தோ துறைமுகத்துக்கு ஒரு கப்பலும் போக முடியாது. ஊருக்கு வந்த கேடு அந்த இருப்பிடத்தால் வந்தது.

1945 ஜனவரி 5 விடியற்காலையில் சுமார் 350 பிரிட்டிஷ் விமானங்கள் இரண்டு அலைகளாக வந்து குண்டு போட்டன. உள்ளே ஜெர்மானியர் மட்டுமே இருக்கிறார்கள் என்ற எண்ணத்தில் கொடுக்கப்பட்ட உத்தரவு அது. உண்மையில் ஊரை விட்டுப் போகாத மக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். முதல் அலை ஓய்ந்ததும் இடிபாட்டிலிருந்து ஆட்களை மீட்க வெளியே வந்தவர்கள் மேல் இரண்டாவது அலை விழுந்தது. நானூறுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். அதோடு ஒப்பிட்டால் இறந்த ஜெர்மானியப் படையினர் ஒரு சிறு பங்குதான்.

அத்தோடு முடியவில்லை. ஏப்ரல் நடுவில், தரைப்படைத் தாக்குதலுக்கு முன்னால், அமெரிக்க விமானங்கள் மறுபடியும் குண்டு பொழிந்தன. இந்த முறை ஒட்டிக்கொண்டு எரியும் நாபாம் குண்டுகளும் போட்டார்கள். ஏப்ரல் 17 அன்று ருவயான் விடுதலையானது. ஐரோப்பாவில் போர் முடிந்தது மே 8. மூன்று வாரம் பொறுத்திருந்தால் சண்டையே இல்லாமல் கிடைத்திருக்கக்கூடிய ஊர் அது. கையில் கிடைத்தபோது நடு ஊரில் கட்டடம் என்று சொல்ல ஏதும் மிச்சமில்லை. போந்தாயாக் கடற்கரைப் பக்கமும் இன்னும் சில இடங்களிலும் மட்டும் பழைய வில்லாக்கள் தப்பின.

கல்லில் கட்ட நினைத்த ஊர்

மறுகட்டுமானத்துக்கான அமைச்சகத்தை நடத்திய ரவுல் தோத்ரி, 1945இல் ருவயானின் பொறுப்பை க்ளோத் ஃபெரேயிடம் கொடுத்தார். இவர் போர்தோ கட்டடக்கலைப் பள்ளியின் ஆசிரியர். போரில் அழிந்த லு ஆவ்ர் துறைமுக நகரை மறுபடி கட்டிய ஒகுஸ்த் பெரே வேறு ஆள். ஒரே காலத்தில் ஒரே வகை வேலையைச் செய்த இருவரின் பெயரும் இப்படி நெருங்கி இருப்பதால் குழப்பம் வருவது சகஜம்.

ஃபெரேயின் முதல் திட்டத்தில் புரட்சி எதுவும் இல்லை. பாரிஸ் கலைப் பள்ளி மரபில் பயின்றவர்கள் போடும் திட்டம்தான்: நடுவில் ஓர் அகன்ற நேர்ச்சாலை, அதன் ஒரு முனையில் சந்தை, மறு முனையில் கடல், இரண்டு பக்கமும் சமச்சீராகக் கட்டடங்கள். கடலோரத்தில் கரையின் வளைவை அப்படியே பின்பற்றி நீளும் ஒரு கட்டட வரிசை. அந்த நேர்ச்சாலை இன்று அரிஸ்தித் பிரியான் பெயரில் இருக்கிறது. முகப்புகளும் அடக்கமான கல் முகப்புகளாகவே யோசிக்கப்பட்டன. தொடக்கத்தில் கட்டி முடித்த சில வீடுகளைப் பார்த்தால் இது தெரியும். வெளிர் கல்லும் வளைவான ஓடும் வைத்த, எந்தச் சண்டைக்கும் போகாத வீடுகள் அவை.

வரைபடம் தயாராக இருந்தாலும் ஊர் எழும்பவில்லை. போருக்குப் பிந்தைய பிரான்சில் முதல் உரிமை நிலக்கரிக்கும் மின்சாரத்துக்கும் எஃகுக்கும் ரயிலுக்கும்தான் இருந்தது. வீடுகள் வரிசையில் பின்னால் நின்றன. சிமெண்டும் கம்பியும் கட்டுப்பாட்டில் இருந்தன. அப்புறம் நிலப் பிரச்சினை. புதுத் தெருக்கள் பழைய மனைகளின் நடுவே போனதால், எல்லா மனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, மறுபடி பிரித்து, ஒவ்வொருவருக்கும் புது இடத்தில் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. உடமை இழந்தவர்கள் சேர்ந்து சங்கம் அமைத்து இந்தக் கணக்கைத் தீர்ப்பதற்குள் ஆண்டுகள் போயின. மக்கள் தற்காலிகக் கொட்டகைகளில் இருந்தார்கள். பெரிய அளவில் வேலை நடந்தது 1950ஐ ஒட்டித்தான்.

அந்தக் குடும்பங்களுக்கு அது கொடிய காலம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பணம் 1946லேயே வந்திருந்தால் ருவயான் இன்னொரு கல் ஊராகவே எழுந்திருக்கும். அதைப் பார்க்க யாரும் இத்தனை தூரம் போகப் போவதில்லை.

நஷ்ட ஈட்டின் சட்டமும் இங்கே ஒரு வேலை செய்தது. 1946 அக்டோபர் 28 சட்டப்படி, போரில் வீடு இழந்தவருக்கு அதற்கு ஈடான ஒன்றைக் கட்டும் செலவை அரசு முழுமையாக ஏற்க வேண்டும். பழைய கட்டடத்தின் வயதுக்கும் நிலைமைக்கும் ஏற்பக் கழிவு உண்டு. திரும்பக் கட்டினால்தான் பணம் முழுதாகக் கையில் வரும். இந்த உரிமையை அனுமதியோடு வேறொருவருக்கு விற்கவும் முடியும். விளைவை நினைத்துப் பாருங்கள். ஐம்பது வயதான, கோபுரம் வைத்த ஒரு பெரிய வில்லாவுக்குக் கழிவு போகக் கிடைக்கும் தொகையில் அதே கோபுரத்தையும் மரச் செதுக்கலையும் மறுபடி செய்ய முடியாது. அந்தத் தச்சர்களும் இல்லை. ஈடு என்பது பரப்பிலும் பயனிலும் தேவைப்பட்டதே தவிர, அதே உருவம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அப்படியானால் எந்த உருவம்? அந்தக் கேள்வி திறந்தே இருந்தது.

ஓர் இதழ் வந்து சேர்ந்தது

1947இல், 'இன்றைய கட்டடக்கலை' என்று பொருள்படும் பெயர் கொண்ட பிரெஞ்சு இதழ், பிரேசிலுக்கென்றே ஒரு சிறப்பிதழ் கொண்டுவந்தது. ஐரோப்பா இடிபாட்டில் கிடந்த ஆண்டுகளில் பிரேசில் கட்டிக்கொண்டே இருந்தது. ரியோவில் கல்வி அமைச்சகத்தின் உயரமான கட்டடம், பெலோ ஒரிசோன்ச்சியில் பம்பூல்யா ஏரியைச் சுற்றி பிரேசில் கட்டடக்கலைஞர் ஆஸ்கர் நீமேயர் 1940களின் தொடக்கத்தில் கட்டியவை: அலை அலையான வளைவுக் கூரையோடு ஒரு தேவாலயம், ஒரு கசினோ, நடுவில் பள்ளமாக இறங்கும் கூரையோடு ஒரு படகுக் கழகம். உலகுக்குத் தெரிந்த நவீனக் கட்டடக்கலை அதுவரை பெரும்பாலும் நேர்க்கோடும் பெட்டியுமாக இருந்தது. இங்கே அதே கான்கிரீட் வளைந்தது, வெயிலோடு விளையாடியது.

ருவயானில் காத்துக்கொண்டிருந்த கட்டடக்கலைஞர்களுக்கு இது சரியான நேரத்தில் வந்தது. அவர்கள் முன்னால் இருந்ததும் ஒரு கடற்கரை, ஒரு கசினோ, ஒரு தேவாலயம், விடுமுறைக்கு வருபவர்களுக்கான வீடுகள். பம்பூல்யாவில் இருந்த அதே பட்டியல். மேலும் 1947இல் அமைச்சகம் ருவயானை நகரமைப்பு ஆய்வுக்கான சோதனைக்கூடம் என்று அறிவித்திருந்தது, அதனால் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க இடமும் கிடைத்தது. ஃபெரே தானே மனம் மாறியதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். நாற்பதை ஒட்டிய வயதில், திட்டத்தைப் போட்டு முடித்த பிறகு, தெருக்களை அப்படியே விட்டுவிட்டு மேலே எழுவதை மாற்றிக்கொள்ள அவர் சம்மதித்தார். ருவயானை மேலிருந்து பார்த்தால் பழைய மரபின் அச்சும் சமச்சீரும் தெரியும். தெருவில் நின்று பார்த்தால் பிரேசில் தெரியும்.

வீட்டைப் பிரித்துப் பார்த்தால்

பிரேசிலிலிருந்து வந்தது வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிடுவார்கள் சிலர். வீட்டின் ஒவ்வொரு உறுப்பையும் எடுத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

முதலில் வெயில். ருவயானின் பெரிய கடற்கரை தென்மேற்கைப் பார்த்திருக்கிறது. வட அரைக்கோளத்தில் வெயில் தெற்கிலிருந்தும், மாலையில் மேற்கிலிருந்தும் வரும். அதாவது கடல் தெரியும் பக்கமும் வெயில் அடிக்கும் பக்கமும் ஒன்றே. கடலைப் பார்க்கப் பெரிய கண்ணாடி வைத்தால் ஜூலை மாத வீடு கொதிக்கும். கண்ணாடியைச் சுருக்கினால் கடல் போய்விடும். ரியோவில் இதே சிக்கலுக்குக் கண்ணாடிக்கு வெளியே கான்கிரீட் பலகைகளை நிறுத்தித் தீர்வு கண்டிருந்தார்கள், அங்கே வெயில் வடக்கிலிருந்து வருவதால் வடக்கு முகத்தில். ருவயானில் அதைத் திருப்பித் தெற்கில் வைத்தார்கள். கண்ணாடிச் சுவரை உள்ளே தள்ளி, முன்னால் ஆழமான பால்கனி விட்டார்கள். அதன் மேல் தளமே சன்ஷேடாக வேலை செய்யும். கோடையில் உச்சியில் இருக்கும் சூரியனை அது தடுக்கும், குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் சூரியனை உள்ளே விடும்.

அடுத்து ஜாலி. இதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதே இல்லை. 1960கள், 70களில் கட்டிய நம் வீடுகளின் மாடிப்படிச் சுவரிலும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலும் இருக்கும் அதே பொருள். பிரேசிலில் இதற்குக் கோபோகோ என்று பெயர். 1929இல் ரெசிஃபி நகரில் மூன்று பேர் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். கோயிம்ப்ரா, போக்மான், கோயிஸ் என்ற அவர்களது பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்ததுதான் அந்தச் சொல். ருவயானில் ஜாலி செய்த வேலை மூன்று: பக்கத்து வீட்டின் பார்வையை மறைத்தது, கடற்காற்றின் வேகத்தை உடைத்தது, வெள்ளைச் சுவரில் நாள் முழுக்க நகரும் நிழலைக் கொடுத்தது. மூன்றாவதைப் பயன் என்று கணக்கில் சேர்க்காதவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கூரை. இரண்டு ஓரமும் மேலே போய் நடுவில் பள்ளம் விழும் இந்த வடிவத்தைப் பட்டாம்பூச்சிக் கூரை என்பார்கள். நவீனக் கட்டடக்கலையின் முன்னோடி லு கொர்புசியே 1930இல் சிலி நாட்டில் ஒரு கடற்கரை வீட்டுக்காக இதை வரைந்தார், அது கட்டப்படவில்லை. 1933இல் ஜப்பானின் கருயிசாவாவில் அந்தோனின் ரேமண்ட் என்ற கட்டடக்கலைஞர் தன் கோடை வீட்டுக்கு இந்த வடிவத்தை எடுத்துக் கட்டிவிட்டார். இதே ரேமண்ட்தான் அப்புறம் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கோல்கொண்டே விடுதியை வடிவமைத்தார். திறந்து மூடும் கான்கிரீட் பலகைகள் வரிசையாக நிற்கும் அந்தக் கட்டடத்தைப் பார்த்தவர்களுக்கு ருவயான் முகப்புகள் அந்நியமாகத் தெரியாது. நீமேயரின் படகுக் கழகம் வழியாக இந்தக் கூரை பிரெஞ்சுக் கரைக்கு வந்தது. இதன் ஆதாயம் எளிது. சாதாரணச் சரிவுக் கூரையில் சுவர் ஓரம் தாழ்வாக இருக்கும். இதில் ஓரம் உயர்ந்திருப்பதால் ஜன்னல் மேலே வரை போகும், வானமும் கடலும் அறைக்குள் வரும். விலை என்னவென்றால், மழைத் தண்ணீர் முழுதும் வீட்டின் நடுவில் சேரும். அட்லாண்டிக் மழையில் அந்தப் பள்ளத்தில் ஓடும் கால்வாய் அடைத்தால் தண்ணீர் இறங்குவது நேராக வீட்டுக்குள்தான்.

தாங்கு தூண் இல்லாமல் வாசலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய தகட்டையும் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்து மறு பக்கம் காற்றில் நிற்கும் தகட்டில் இழுவிசை மேல்பக்கம் வரும், அதனால் கம்பியும் மேல்பக்கத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது யாராவது மிதித்துக் கம்பி கீழே இறங்கிவிட்டால் தகடு ஒரு நாள் தொங்கிவிடும். எந்த மேஸ்திரியைக் கேட்டாலும் சொல்லும் விஷயம் இது. பத்துச் செண்டிமீட்டருக்கும் குறைவான தகடுகளை இவ்வளவு தூரம் நீட்டிய ருவயான் கொத்தனார்களின் கைத்திறனை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. கட்டடக்கலைஞர்களின் பெயர்கள் கிடைக்கின்றன, இவர்களுடையவை கிடைப்பதில்லை.

மெல்லிய கான்கிரீட்டுக்குப் பொருளாதாரக் காரணமும் இருந்தது. அன்று சிமெண்டும் கம்பியும் அரிது, கூலி குறைவு. சென்ட்ரிங் பலகைகளை வளைத்து வளைத்து அடிக்கத் தச்சர்களின் நேரம் நிறைய வேண்டும், ஆனால் உள்ளே போகும் பொருள் கொஞ்சம்தான். கூலி ஏறி, பொருள் மலிவான பிறகு கணக்கு தலைகீழானது. 1960களின் நடுவிலிருந்து இப்படிப்பட்ட மெல்லிய கான்கிரீட் கூடுகளும் வளைவுகளும் உலகம் முழுவதும் குறைந்ததற்கு அது பெரிய காரணம்.

க்ளோத் போன்ஃபுவா வடிவமைத்த 'வெள்ளை நிழல்' என்ற பெயர் கொண்ட வில்லா, பியேர் மார்மூஜேயின் 'பூமராங்' ஆகியவை இந்த வகையில் பலரும் தேடிப் போய்ப் பார்ப்பவை. இரண்டும் 1950களின் இறுதியைச் சேர்ந்தவை. ஆனால் இந்த ஊரின் சிறப்பு பெயர் பெற்ற இரண்டு மூன்று வீடுகளில் இல்லை. உள்ளூர்க் கட்டடக்கலைஞரும் சிறு ஒப்பந்தக்காரரும் சேர்ந்து, நஷ்ட ஈட்டுத் தொகைக்குள் கட்டிய நூற்றுக்கணக்கான சாதாரண வீடுகளிலும் இதே சொற்கள் வருகின்றன. ஒன்றில் ஒரு வட்ட ஜன்னல் மட்டும், இன்னொன்றில் சாய்ந்த ஒரு தூண் மட்டும், வேறொன்றில் வளைந்த ஒரு கைப்பிடி மட்டும். பக்கத்து வீட்டைப் பார்த்துக் கோலம் மாறுவதுபோல இது தெருவுக்குத் தெரு பரவியது.

லு ஆவ்ரோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். அங்கே 133 ஹெக்டேர் பரப்பை பெரேயும் அவர் குழுவும் 6.24 மீட்டர் என்ற ஒரே அளவுக் கட்டத்தில் எழுப்பினார்கள். 2005இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. தகுதியான அங்கீகாரம்தான். ஆனால் அந்த ஊர் முழுதும் ஒரே குரல் கேட்கும். ருவயானில் பல பேர் பேசுகிறார்கள், சிலர் சுமாராகவும் பேசுகிறார்கள்.

பெரிய கட்டடங்கள்

வில்லாக்களுக்குத் துணிவு கொடுத்தவை ஊரின் பொதுக் கட்டடங்கள். லூயி சிமோன், ஆந்த்ரே மொரிசோ இருவரும் பொறியாளர் ரெனே சார்ஜேயோடு சேர்ந்து 1950களின் நடுவில் கட்டிய மத்தியச் சந்தை, சுமார் 52 மீட்டர் குறுக்களவுள்ள ஒரே கான்கிரீட் கூடு. பதின்மூன்று மடிப்புகள் அலை அலையாக இறங்கி, பதின்மூன்று புள்ளிகளில் தரையைத் தொடுகின்றன. உள்ளே ஒரு தூண் கூட இல்லை, கூட்டின் கனம் எட்டுச் செண்டிமீட்டரை ஒட்டித்தான். மடிப்புதான் அதற்குப் பலம், தகடு நேராக இருந்தால் அந்தக் கனத்தில் நிற்காது. மீனும் காய்கறியும் விற்கும் இடத்துக்கு இவ்வளவு அழகான கூரையைக் கொடுக்க ஓர் ஊர் முடிவெடுத்ததை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மனம் நிறைகிறது.

கியோம் ஜிலேயின் நோத்ர் தாம் தேவாலயம் 1955இல் தொடங்கி 1958இல் முடிந்தது. பெர்னார் லஃபாய் என்ற பொறியாளர் உருவாக்கிய, வி வடிவில் மடித்த கான்கிரீட் தூண்களே அதன் சுவர். அவற்றுக்கு இடையிலிருந்து உள்ளே வெளிச்சம் விழுகிறது, மேலே குதிரைச் சேணம்போல் வளைந்த மெல்லிய கூரை. மணிக்கூண்டின் உயரம் 60 மீட்டர். லஃபாய் வேலை தொடங்கிய 1955லேயே இறந்துபோனார், கூரையை சார்ஜே முடித்தார். தாழ்வான வெள்ளை வில்லாக்களுக்கு நடுவே இந்தச் சாம்பல் நிறக் கட்டடம் மட்டும் துக்கத்தை மறைக்காமல் நிற்பதாக எனக்குப் படுகிறது.

வில்லாக்களின் மகிழ்ச்சி சிலருக்கு உறுத்தும். இத்தனை பேர் இறந்த இடத்தில் இத்தனை பளிச்சென்ற வண்ணமா என்று கேட்கலாம். வீடு இழந்தவர்களே திரும்பி வந்து கட்டிக்கொண்ட வீடுகள் பலவும் இதில் உண்டு. கோடை காலம் திரும்ப வரும், பிள்ளைகள் கடலுக்கு ஓடுவார்கள், அறைகளை வாடகைக்கு எடுக்க ஆட்கள் வருவார்கள் என்று நம்பியவர்கள் கட்டியவை. உல்லாச ஊருக்குத் தொழிலே மகிழ்ச்சிதான், அது திரும்பினால்தான் பிழைப்பு திரும்பும்.

பிடிக்காமல் போன காலம்

அடுத்த தலைமுறைக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை. கான்கிரீட் கறுத்தது, வண்ணம் உரிந்தது, அழிந்துபோன பழைய ருவயானின் அஞ்சலட்டைகள் ஏக்கத்தைக் கிளப்பின. ஃபெரே கட்டிய வட்டமான கசினோவை 1985இல் இடித்தார்கள். கடலோரக் கட்டட வரிசையின் நடுவே இருந்த தூண் வரிசையும் அதே காலத்தில் போனது. ஒரு முறை குண்டால் இழந்த கசினோவை இரண்டாம் முறை தானாகவே இழந்தது ஊர். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இடிப்புக்குப் பிறகுதான் மதிப்பு தெரிய ஆரம்பித்தது. 1988இல் தேவாலயமும் 2002இல் சந்தையும் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் பாதுகாப்பு பெற்றன. 2010இல் கலை, வரலாற்று நகரம் என்ற அரசுத் தகுதி ருவயானுக்குக் கிடைத்தது. இன்று வில்லாக்களைச் சுற்றிக் காட்ட வழிகாட்டிகளோடு நடைப்பயணங்கள் உண்டு.

ஆனால் பட்டியலில் சேர்ப்பது மட்டும் கான்கிரீட்டைக் காப்பாற்றாது. உப்புக் காற்று வீசும் ஊரில் கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட் மெல்லியதாக இருந்தால், உப்பு உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் கம்பி ஊதி, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். கடலோரத்தில் வீடு வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் பால்கனி அடியில் பார்க்கும் அதே வியாதி. ருவயானின் அழகுக்குக் காரணமான மெல்லிய தன்மையே இந்த நோய்க்கும் வாசல். தேவாலயத்தில் இதற்காகவே பெரும் செலவில் நீண்ட சீரமைப்பு வேலை நடந்தது.

தேவாலயத்துக்கு அரசு வரும். வில்லாவுக்கு அதன் சொந்தக்காரர்தான். இவர்கள் முன்னால் இருக்கும் சிக்கல் வேறு மாதிரி. இந்த வீடுகள் கோடைக்காக, ஒற்றைக் கண்ணாடியோடு, மெல்லிய சுவரோடு கட்டியவை. இன்று ஆண்டு முழுக்கக் குடியிருக்க வேண்டுமென்றால் குளிர் தாங்காது, சூடாக்கும் செலவும் தாங்காது. சுவருக்கு வெளியே பதினைந்து செண்டிமீட்டர் காப்புப் பலகை ஒட்டினால் குளிர் நிற்கும். ஆனால் உள்ளடங்கிய ஜன்னல் மேலும் பள்ளத்துக்குள் போய்விடும், மெல்லிய தகடு தடித்துவிடும், ஜாலி மறைந்துவிடும். உள்பக்கம் ஒட்டினால் அறை சுருங்கும், சுவரிலிருந்து வெளியே நீளும் பால்கனித் தளம் வழியாகக் குளிர் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். மெலிந்த இரும்புச் சட்டத்தை எடுத்துவிட்டுத் தடித்த பிளாஸ்டிக் சட்டம் போட்டால் முகப்பின் முகமே மாறிவிடும்.

ஒரு துண்டு ஜாலி உடைந்தால் அதே அளவில் கடையில் கிடைப்பது அரிது. நன்றாக இருக்கும் துண்டு ஒன்றைப் பக்கத்திலிருந்து கழற்றி, அதிலிருந்து அச்சு எடுத்து, இந்த முறை துருப்பிடிக்காத கம்பி வைத்து, ஒவ்வொன்றாக வார்க்க வேண்டும்.